பவளத் தொட்டிக்கு ஒரு பைப் லைன்

நான் சொட்டுநீர்ப் பாசனம் போட்டுக் கொடுப்பவன். பென்னாகரத்தில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன், மற்றபடி வேலையெல்லாம் காடுகளில்தான், விளைநிலத்தைக் காடு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஏரியூர்ப் பக்கம் போய், எந்தக் காட்டு வரப்பில் நின்று இந்த பைப் லைன் யார் போட்டது என்று கேட்டாலும் பாதிப் பேர் என்னைத்தான் சொல்வார்கள். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது, அதனால் பெருமையாகவே சொல்லிவிடுகிறேன். மேடோ பள்ளமோ, முதல் செடிக்கு எத்தனை சொட்டு விழுகிறதோ அத்தனைதான் கடைசிச் செடிக்கும் விழ வேண்டும். நான் போட்டால் விழும். வேலை முடிந்ததும் முதல் வரிசையில் ஒரு டம்ளர், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று வைத்து, கடிகாரத்தைப் பார்த்து நிரப்பிக் காட்டிவிட்டுத்தான் கிளம்புவேன். மூன்றிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும்போது காட்டுக்காரரை விட எனக்குத்தான் சிரிப்பு அதிகமாக வரும்.

இப்படிப்பட்ட ஆளின் வீட்டு ஹாலில் பவளத் தொட்டி எப்படி வந்தது என்று கேட்காதவர்கள் கிடையாது. கடலுக்குப் போக வேண்டுமென்றால் எங்களுக்கு அரை நாள் பயணம். நானே கடலை மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன், அதில் ஒருமுறை மழை. சில வருஷங்களுக்கு முன் பம்ப் கம்பெனி ஒன்று பெங்களூரில் ஒரு ஓட்டலில் டீலர்கள் கூட்டம் வைத்தது. ஓட்டல் வரவேற்பறையில் ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. டீ குடிக்க வெளியே வந்தவன் கூட்டத்துக்குத் திரும்பப் போகவில்லை. மீன்களை நான் பார்க்கவேயில்லை. பாறையில் ஒட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று, விரல் விரலாக, தண்ணீர் இழுத்த பக்கமெல்லாம் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. செடி என்று நினைத்தேன். வரவேற்பறையில் இருந்த பெண், செடி இல்லை சார், அது உயிர்ப் பிராணி, பவளம் என்றாள். அதற்குச் சாப்பாடு தண்ணீர்தான் கொண்டுவர வேண்டும், அதன் கழிவையும் தண்ணீர்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும், எழுந்து போய்த் தேட அதற்குக் கால் கிடையாது என்று அவள் சொன்னாள். தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவனை நம்பி ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிற பிராணி! என்னை விட்டால் அதற்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று தோன்றியது. தலைக்கனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"ஒகேனக்கல்ல அவ்ளோ தண்ணி கொட்டுது. பஸ் ஏறுனா அர மணி நேரம். வூட்டுக்குள்ள எதுக்குங்க இன்னொன்னு?" என்றாள்.

"அது ஆத்துத் தண்ணி. இது கடல்."

"பாக்கெட் உப்பு வாங்கிக் கரைச்சு ஊத்திட்டு அதுக்குப் பேரு கடலா?"

கொஞ்ச நேரம் வாய்ச்சண்டை நடந்தது. கடைசியில் ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தாள். "சத்தம் வரக்கூடாது. ஒரு பொட்டுச் சத்தம் கூட வரக்கூடாது."

அந்த நிபந்தனைக்குக் காரணம் அவள் வேலை. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, என்ன நோய், என்ன மருந்து என்று வாயால் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். ஒரு கம்பெனி மூலமாக அந்தப் பதிவுகள் அவளுக்கு வரும். ஹெட்போனில் கேட்டு, அப்படியே டைப் செய்து அனுப்ப வேண்டும். மேசைக்கு அடியில் தையல் மெஷின் மாதிரி ஒரு மிதி இருக்கிறது. மிதித்தால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும், பின்பக்கம் அழுத்தினால் கொஞ்சம் பின்னால் போய் மறுபடி பேசும். எத்தனை முறை கேட்டும் ஒரு வார்த்தை பிடிபடவில்லை என்றால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போக வேண்டும். கோடு கூடக் கூட அவளுடைய மதிப்பெண் இறங்கும். மருந்தின் பெயரில் ஓர் எழுத்து மாறினால் மனுஷன் உயிர் என்பாள். பதினோரு வருஷமாக அந்த மதிப்பெண்ணை அவள் கீழே விட்டதில்லை. காதை வைத்துப் பிழைக்கிறவள்.

எங்கள் வீட்டில் அவள் வேலை செய்ய ஏற்ற இடம் ஹால் ஒன்றுதான். படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாவு மில். காலை எட்டு மணிக்கு அது ஆரம்பித்தால் கட்டிலே லேசாக அதிரும். ஹாலில் ரோட்டுச் சத்தம் உண்டு, ஒகேனக்கல் பஸ்காரர்கள் வளைவில் காதைக் கிழிப்பார்கள், ஆனால் அதை அவள் கண்டுகொண்டதில்லை. தொட்டி வைக்கவும் ஹாலைத் தவிர வேறு இடம் கிடையாது. ஆக, அவள் மேசைக்கு எதிர்ச் சுவரில், நாலடி நீளத்தில், என் கடல் வந்து உட்கார்ந்தது.

நானும் சும்மா ஆரம்பிக்கவில்லை. இரண்டு மாதம் படித்தேன், படம் பார்த்தேன், நோட்டில் வரைந்தேன். எங்கள் போர் தண்ணீர் பல்லைக் கறையாக்குகிற தண்ணீர், அதனால் வடிகட்டிய தண்ணீரில்தான் உப்புக் கலக்க வேண்டும். பித்தளை வால்வு ஒன்று கூடத் தண்ணீரில் படக் கூடாது, அதில் இருக்கிற செம்பு பவளத்துக்கு விஷம். நம் கடலில் பவளம் எடுப்பது குற்றம், ஆகவே அந்த வேலையே வேண்டாம். சேலத்தில் ஒரு கடைக்காரர், வெளிநாட்டில் பண்ணையில் வளர்த்த மெத்தென்ற பவளங்களை மட்டும் பில் போட்டு விற்கிறவர், அவரிடம் வாங்கினேன். சட்டைப் பித்தான் மாதிரி கூட்டமாக இருக்கும் சின்னப் பவளங்கள் ஒரு கொத்து. காளான் மாதிரி தண்டும் தலையுமாக, தலை முழுக்கப் பொடிப்பொடி விரல்களோடு, தோல் பவளம் ஒன்று. அதுதான் என் செல்லம்.

மிச்சமிருந்தது தண்ணீர் ஓட்டம். அதில் எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்று நினைத்தேன். மேலே பவளம் இருக்கும் தொட்டி. அதன் அடியில், மர அலமாரிக்குள், வடிகட்டுகிற கீழ்த்தொட்டி. மேலிருந்து வழிகிற தண்ணீர் குழாய் வழியாகக் கீழே இறங்கும். கீழிருந்து ஒரு பம்ப் அதை மேலே தள்ளும். இதை ஒரு குழந்தை கூடப் போடும். மேலே தள்ளிய தண்ணீரை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் என் திறமையைக் காட்டினேன்.

தொட்டியின் பின்பக்கம் முழு நீளத்துக்கும் ஒரு பைப். அதில் எட்டுத் துளை. பம்ப்புக்கு அருகில் இருக்கிற துளை சின்னது, தூரத்தில் இருக்கிறது ஒரு நூல் பெரிது, எல்லாம் கணக்குப் போட்டுத் துளைத்தது. தொட்டியில் மாட்டுவதற்கு முன்னால் மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய், எட்டுத் துளைக்கும் கீழே எட்டு எவர்சில்வர் டம்ளர் வரிசையாக வைத்து, பம்ப்பைப் போட்டேன். எட்டும் ஒரே நேரத்தில் நிறைந்தன. ஒரு விரல் கூட வித்தியாசம் இல்லை. மனைவியைக் கூப்பிட்டு போட்டோ எடுக்கச் சொன்னேன். டம்ளர்களுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற அந்தப் படம் இன்னமும் என் போனில் இருக்கிறது. இப்போது அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஆளை ஒரு அறை விடலாமா என்று இருக்கிறது.

பம்ப்பிலும் நான் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் யார் கடைக்கு வந்தாலும், மூன்று குதிரைத் திறன் போதும் என்றால், ஐந்தாவே கொடுங்க, கெடக்கட்டும் என்பார்கள். பல வருஷமாக அதைக் கேட்டுக் கேட்டு அந்த வியாதி எனக்கும் ஒட்டியிருந்தது போல. தொட்டிக்குத் தேவையானதை விட மூன்று மடங்கு தள்ளுகிற பம்ப்பை வாங்கி வைத்தேன்.

சுவிட்சைப் போட்டதும் மேலே எட்டுத் துளையிலும் தண்ணீர் அழகாகப் பீய்ச்சியது. கீழே அலமாரிக்குள்ளிருந்து ஓர் எருமை தண்ணீர் குடிக்கிற சத்தம் வந்தது.

"ரெண்டு நாள்ல செட் ஆயிடும்" என்றேன்.

ஆகவில்லை. பத்து நாள் ஆகியும் ஆகவில்லை. அலமாரிக் கதவில் தெர்மாகோல் ஒட்டினேன், குழாய்க்குப் பழைய போர்வையைச் சுற்றினேன். சத்தம் கொஞ்சம் கனத்துப் போனதே தவிரக் குறையவில்லை. மனைவி முதலில் ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டாள். மதியம் தலைவலிக்கிறது என்று தைலம் தேய்ப்பாள். பின்னால் அழுத்திப் பின்னால் அழுத்தி, ஒரே வார்த்தையை எட்டு முறை கேட்பாள். மிதி அடிபடுகிற சத்தம் எனக்குக் கேட்கும், கேட்காதவன் மாதிரி இருப்பேன். அந்த மாதம் அவள் மதிப்பெண் இறங்கியது. அடுத்த மாதம் இன்னும் இறங்கியது. கம்பெனியிலிருந்து மேற்பார்வைக்காரப் பெண் போன் செய்து, மூன்றாவது மாதமும் இப்படியே வந்தால் வேலை தருவதை நிறுத்திவிடுவோம் என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டார்.

போனை வைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள்.

"பஸ்காரன் ஹாரன் அடிப்பான், போயிடுவான். இது போவ மாட்டேங்குது. என் காதுக்குள்ளயே குடிவந்துடுச்சு" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். மெதுவாகச் சொன்னாள். "அடுத்த மாசம் முடியறதுக்குள்ள சத்தம் போவணும். இல்லன்னா தொட்டி போவணும். வேலய வுட்டுட்டு நான் என்னா பண்ணுவேன், சொல்லுங்க."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் வர முடியாது, அதனால் பம்ப் மேல் வந்தது, சேலத்துக் கடைக்காரர் மேல் வந்தது, கடல் மேல் கூட வந்தது. சத்தத்தை ஒழித்துக் காட்டுகிறேன் பார் என்று சபதம் போட்டேன். தொட்டியைக் கொடுப்பது பற்றி நான் நினைக்கவே இல்லை. முடியாத வேலை என்று ஒன்றை இந்தக் கை செய்யாமல் விட்டதில்லை.

அதே சமயத்தில் பவளமும் என் மூக்கை உடைத்தது. தோல் பவளம் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு மொட்டையாக நின்றது. தலைமேல் மெழுகு பூசியது போல ஓர் ஏடு. ஒரு பக்கம் ஏடு கழன்றிருந்தது, மறுபக்கம் அப்படியே அழுக்குப் பிடித்து ஒட்டிக்கிடந்தது. பாறைகளுக்குப் பின்னால் தூசி தங்கியிருந்தது. எட்டுத் துளையிலும் சரிசமமாகத் தண்ணீர் வந்தும் இந்த நிலை. சேலத்துக்குப் போன் போட்டு, நீங்கள் கொடுத்தது நோஞ்சான் பவளம் என்று எகிறினேன்.

கடைக்காரர் என்னை விடப் பத்து வயது சின்னவர், பொறுமைசாலி. "தண்ணி எப்பிடிங்ணா வுட்டிருக்கீங்க?" என்று கேட்டார். எட்டு டம்ளர் கதையைச் சொன்னேன். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

"அண்ணா, நீங்க தக்காளிக்குப் போடற மாதிரி போட்டிருக்கீங்க. தக்காளி வேர்ல குடிக்குது, அளவாச் சொட்டுனாப் போதும். இது ஒடம்பு பூராவும் சாப்புடுது, ஒடம்பு பூராவும் அழுக்கு வுடுது. இருபத்தி நாலு மணி நேரமும் ஒரே பக்கமிருந்து ஒரே மாதிரி அடிச்சா ஒரு கன்னம் காயும், ஒரு கன்னம் நாறும். தண்ணி இப்பிடி வரணும், நிக்கணும், அப்பிடித் திரும்பணும். எப்ப எங்க வருதுன்னு அதுக்கே தெரியக் கூடாது."

போனை வைத்துவிட்டு வெகு நேரம் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. எந்தச் சமத்தை வைத்து ஊரில் பெயர் வாங்கினேனோ அதே சமத்தை இங்கே கொண்டுவந்து கொட்டி ஒரு பிராணியைப் பாதி மூச்சில் நிறுத்தியிருக்கிறேன். எட்டுத் துளை பைப்பைக் கழற்றி மாடியில் போட்டேன். அது இப்போது துணி காயப்போட உதவுகிறது.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிடித்துக் கொடுத்தவள் என் மனைவிதான். நான் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு, எது கத்துகிறது என்று தெரியாமல் ஒவ்வொரு குழாயாகத் தட்டிக்கொண்டிருந்தேன். அவள் வேலை முடிந்து ஹெட்போனைக் கழற்றியவள், "தள்ளுங்க" என்றாள். போனை எடுத்து அலமாரிக்குள் வைத்து ஐந்து நிமிடம் பதிவு செய்தாள். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மிதியில் கால் வைத்து, வேகத்தைக் குறைத்துக் கேட்க ஆரம்பித்தாள். டாக்டர் பேச்சைக் கேட்கிற அதே முகம். காபி ஆறிப்போனது. நான் பக்கத்தில் பரீட்சை முடிவுக்கு நிற்கிறவன் மாதிரி நின்றேன்.

"மூணு பேரு பேசறாங்க" என்றாள்.

"யாரு?"

"ஒன்னு நிறுத்தாம ஊம்முன்னு இழுக்குது. அது தண்ணி இல்ல, பலகை. எதுவோ பலகையில இடிச்சுக்கிட்டு நிக்குது. ரெண்டாவது, நாலஞ்சு செகண்டுக்கு ஒருக்கா களக்குன்னு முழுங்குது. காத்தையும் தண்ணியையும் சேத்து முழுங்குற சத்தம். மூணாவது, கீழ வுழுவுற இடத்துல சோன்னு மழ பெய்யிற மாதிரி. இந்த மூணாவது எனக்கு அவ்ளோ தொந்தரவு இல்ல. ரெண்டாவதுதான் உயிர எடுக்குது. சரியா டாக்டர் மருந்து பேரு சொல்லும்போது முழுங்குது."

அவள் சொல்லச் சொல்ல எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. ஊம் என்று இழுப்பது பம்ப், நான் அதை அலமாரிப் பலகையோடு கெட்டியான பைப்பால் பிணைத்திருந்தேன். சோவென்பது இறங்கு குழாயின் வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தொங்குவதால். களக்குக்குக் காரணம் இன்னும் எளிது. என் காடுகளில் எந்த பைப்பாவது கத்துகிறதா? கத்தாது, ஏனென்றால் அதில் முழுக்கத் தண்ணீர்தான் ஓடுகிறது. பாதி தண்ணீர் பாதி காற்று என்றால்தான் பைப் பேசும். பைப்பில் சிக்கிய காற்றை, அதாவது ஏர் லாக்கை, எடுக்க ஊர் ஊராகப் போகிறவன், என் வீட்டு ஏர் லாக்கை இரண்டு மாதம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பம்ப் தள்ளுகிற தண்ணீர் அளவுக்கு மீறியது, இறங்குகிற குழாய் அதை ஏற்கத் தெரியாமல் திணறுகிறது. கோளாறு எல்லாம் அந்தக் கெடக்கட்டும் பம்ப்பில்தான் ஆரம்பம்.

மறுநாளே நோட்டை எடுத்துப் புதுசாக வரைந்தேன். இந்தத் தடவை முதலில் கேட்டுக்கொண்ட கேள்வி வேறு. தண்ணீரை எவ்வளவு உயரத்துக்குத் தூக்க வேண்டும், எவ்வளவைச் சும்மா சுழற்றினால் போதும்? கரண்ட் தின்பதும் சத்தம் போடுவதும் தூக்குகிற வேலைதான். கீழே போய் வடிகட்டி வர வேண்டிய தண்ணீர் கொஞ்சம். பவளத்தை ஆட்டிவைக்கிற தண்ணீர் நிறைய, ஆனால் அது மேல்தொட்டியை விட்டு இறங்கவே தேவையில்லை. நான் எல்லாத் தண்ணீரையும் கீழே தள்ளி, திரும்ப நாலடி தூக்கி, வெட்டியாக வேலை வாங்கிக்கொண்டிருந்தேன். அரூரில் ஒரு காட்டுக்காரர் கிணற்றுத் தண்ணீரை மேட்டுத் தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து மறுபடி கிணற்றோரக் காட்டுக்கு விட்டபோது அவரை நான் எவ்வளவு கேலி செய்திருப்பேன்!

பெரிய பம்ப் போனது. சத்தமில்லாத, வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிற சின்ன பம்ப் வந்தது. அதற்கு அடியில் தடிமனான ஸ்பாஞ்ச், பைப்போடு சேருகிற இடத்தில் வளைந்து கொடுக்கிற ரப்பர் ஹோஸ், பலகையோடு அதற்கு இனி உறவே கிடையாது. மேல்தொட்டிக்குள் இரண்டு பக்கக் கண்ணாடியிலும் காந்தத்தால் ஒட்டிக்கொள்கிற சின்னச் சுழலி ஒவ்வொன்று. இரண்டும் எதிரெதிரே பார்க்கும். ஒன்று ஓய்ந்தால் மற்றது எழும், சில நேரம் இரண்டும் சேர்ந்து அடித்து நடுவில் மோதிச் சிதறும். இரண்டும் சேர்ந்து ஒரு குண்டு பல்பு அளவுக்குக் கூடக் கரண்ட் தின்பதில்லை. முன்பெல்லாம் கரண்ட் போனால் இன்வெர்ட்டர் ஒரு மணி நேரத்தில் கீச்சிட ஆரம்பிக்கும். இப்போது காலையில் போய் மதியம் வந்தாலும் தாங்குகிறது.

இறங்கு குழாயில் நறுக்கென்று திரும்புகிற எல்போக்களை எடுத்துவிட்டு, தாராளமாக வளைகிற பெண்டு போட்டேன். குழாயின் வாயைக் கீழ்த்தொட்டித் தண்ணீருக்குள் ஓர் அங்குலம் முக்கினேன், மழை நின்றது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் கேட் வால்வு. அதுதான் எல்லாவற்றுக்கும் சாவி. அதை மூடி மூடி, வழிகிற தண்ணீரும் இறங்குகிற தண்ணீரும் சரிக்குச் சரியாக நிற்கிற இடத்துக்குக் கொண்டுவந்தால் குழாய் முழுக்கத் தண்ணீர் நிற்கும், காற்று நுழையாது. ஒருவேளை அந்தக் குழாயில் நத்தையோ தழையோ அடைத்துக்கொண்டால் ஹால் முழுக்க உப்புத் தண்ணீர் ஆகிவிடும் அல்லவா? அதற்கு இன்னொரு குழாய், கொஞ்சம் உயரத்தில், சும்மா காய்ந்து நிற்கும்; முதல் குழாய் அடைத்து மேலே தண்ணீர் ஏறினால் இது இறக்கிவிடும். பிறகு கரண்டைப் பிடுங்கிப் பார்த்தேன். மேலிருந்து இறங்க வேண்டியது இறங்கி, கீழ்த்தொட்டி விளிம்புக்கு நாலு விரல் கீழேயே நின்றது.

வழியில் வண்டியை நிறுத்தி ஒரு கூடை தக்காளி கொடுக்க வந்த ஏரியூர்க் காட்டுக்காரர் ஒருவர், நான் தரையில் படுத்துக்கொண்டு வால்வைத் திருகுவதைப் பார்த்துவிட்டு, "எங்க காட்டுக்கு ரெண்டே நாள்ல போட்டுட்டுப் போனீங்களே, இந்த நாலு அடிக்கு இத்தினி நாளா?" என்றார்.

"உங்க காட்டுல எம் பொண்டாட்டி உக்காந்து வேல செய்யிலங்க" என்றேன்.

வால்வு சொன்ன பேச்சைக் கேட்க ஒரு வாரம் ஆனது. ஒரு நூல் திருகினால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது, அரை நூல் கூடுதலாகத் திருகிவிடுவேன், உடனே களக். மனைவி மேசையிலிருந்து திரும்பாமலே, "இப்ப முழுங்குது" என்பாள். சில சமயம் எனக்கு ஒன்றும் கேட்காது, அவளுக்குக் கேட்கும். தோல் பவளம் மட்டும் எங்கள் யாரையும் எதிர்பார்க்காமல், நாலாம் நாள் ஏட்டை உதறிவிட்டு, ஒரு ஓரத்திலிருந்து விரல்களை நீட்ட ஆரம்பித்திருந்தது.

அந்த மாதக் கடைசியில் வந்த மதிப்பெண்ணை இப்போதே சொல்லிவிடுகிறேன், யாரும் கவலைப்பட வேண்டாம். வேலை போகவில்லை. அதற்கு முந்தைய வியாழக்கிழமையைத்தான் நான் எழுத வந்தேன்.

அன்று காலை அவள் குளித்துக்கொண்டிருந்தபோது வால்வைத் தீக்குச்சி கனத்துக்கு ஒரு திருகு திருகினேன். களக் நின்றது. கையை எடுத்துவிட்டு, மூச்சுக் கூட விடாமல் ஐந்து நிமிடம் பார்த்தேன். திரும்ப வரவில்லை. ஒன்றும் சொல்லாமல் போய், வாசல் பக்க நாற்காலியில் விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் வந்து மேசையில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவளுக்கு வந்திருந்தது ஒரு வயதான டாக்டரின் பதிவு. அவர் பேசும்போது வாயில் வெற்றிலை இருக்கிறது என்று அவள் சந்தேகப்படுவாள். அந்த வாரம் அவள் அனுப்புகிற எதையும் மேற்பார்வைக்காரப் பெண் எடுத்துச் சரிபார்ப்பார் என்று வேறு சொல்லியிருந்தார்கள். நான் காகிதத்தைத் திருப்பவில்லை, சரசரக்குமே என்று. மிதியின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் அழுத்துவது குறைந்துகொண்டே வந்தது. ஒரு பஸ் போனது. இன்னொரு பஸ் போனது. ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும்.

திடீரென்று ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினாள். முகம் சிவந்திருந்தது.

"உங்களுக்குப் புத்தி இருக்குதாங்க?"

"என்னா ஆச்சு?"

"எம்மா நேரமா நிறுத்தி வெச்சிருக்கீங்க? எனக்காவன்னு சொல்லி அதுங்கள சாவடிக்கப் பாக்கறீங்களா? மூச்சு முட்டிப் போவாதா? மொதல்ல போடுங்க. எனக்கு நாலு கோடு வந்தா வந்துட்டுப் போவுது."

"ஓடிக்கிட்டுத்தான் இருக்குது."

"பொய் சொல்லாதீங்க. இத்தினி வருசமா காத வெச்சுப் பொழைக்கிறவகிட்டயே சொல்றீங்களே."

எழுந்து விடுவிடுவென்று தொட்டியிடம் போனாள். கண்ணாடியில் காதை வைத்தாள். எடுத்தாள். அலமாரிக் கதவைத் திறந்து குனிந்து பார்த்தாள், அங்கேயும் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அப்புறமும் நம்பாமல் வளையல்களை முழங்கைக்கு ஏற்றிக்கொண்டு, கையைத் தண்ணீருக்குள் விட்டாள். தொட்டிக்குள் யார் கை விட்டாலும் கத்துகிறவன் நான். அன்று நாற்காலியிலிருந்து எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

தண்ணீர் அவள் விரல்களை இந்தப் பக்கம் தள்ளியது. ஓய்ந்தது. அந்தப் பக்கம் தள்ளியது. தோல் பவளம் முழுசாக விரிந்து, தலை நிறைய விரல்களோடு அவள் கையின் பக்கம் சாய்ந்து, பிறகு என் பக்கம் சாய்ந்தது. அவள் அப்படியே நின்றாள். கோபம் அவள் முகத்திலிருந்து மெல்ல இறங்குவது எனக்குத் தெரிந்தது. இத்தனை காடுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறேன், எத்தனையோ பேர் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். இந்த மாதிரி ஒரு திட்டு யாரிடமும் வாங்கியதில்லை.

"எத்தினி கோடு?" என்று கேட்டேன்.

"ஒன்னு கூட இல்ல" என்றாள், தண்ணீரிலிருந்து கையை எடுக்காமலே.